லிஃப்ட் வேலை செய்யவில்லை

ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதினால் பொய். அங்கே நீ நலமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். முகக்கவசத்தை இறுக்கிக் கட்டு. வார்டிலிருந்து வந்ததும் முதலில் குளி, அப்புறம் சாப்பிடு. நர்ஸுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லைதான், மூத்தவளாகப் பிறந்துவிட்டேன், வாய் சும்மா இருக்காது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். இந்த வீட்டுச் சுவர் காகிதம் மாதிரி. நான் மூக்கைச் சிந்தினால் பக்கத்து வீட்டு வங்கிக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். என் அழுகையைக் கேட்கிற அருகதை இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் கிடையாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

உன் அத்தானை எப்படிக் கீழே கொண்டுபோனேன் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். ஊரடங்கு அறிவித்த அன்றைக்கே எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளன், அதுதான் இடுப்பில் கொத்துச் சாவி குலுங்க வருவானே, நம் சாவிக்கொத்து, லிஃப்டை நிறுத்திப் பெட்டியைப் பூட்டிவிட்டான். பட்டனைத் தொட்டால் கிருமி பரவுமாம். உன் அத்தானுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நான் ஐந்தாம் மாடிக்கு ஓடினேன். கதவைத் திறக்காமலே பேசினான்.

"கமிட்டி முடிவும்மா. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். மெதுவா பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. மூணு மாடிதானே."

அந்த ஓட்டை லிஃப்டை இத்தனை வருடமாகக் காசு வாங்காமல் ஓட வைத்த எலக்ட்ரீஷியன், உன் அத்தானுக்கு, அவன் சொன்ன பதில் இது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் இருடி, வந்துடறேன்" என்றார், ஏதோ கடைக்குப் போக நான் அவசரப்படுத்துகிற மாதிரி. எல்லா வீட்டுக் கதவும் ஒரு விரற்கடை திறந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஒரு நாற்காலியை வெளியே தள்ளிவிட ஆளில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

நீ தினமும் இதையே பார்க்கிறவள். எனக்கு ஒன்றே ஒன்று சொல். நடக்க வைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா?

அவனை நான் சும்மா விடப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முகத்தில் கவசத்தின் தழும்பு மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. நீ சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? பொய் சொல்லாமல் எழுது.

உன் கடிதத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அப்புறம் அந்தப் படியில் உட்கார முடியவில்லை, எழுந்து போய்விட்டேன். அத்தான் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. இங்கே விடுப்பு என்ற வார்த்தையையே மறந்துவிட்டார்கள்.

அந்த ஆளை விடு அக்கா. அவனைப் பற்றி யோசிக்க யோசிக்க உன் உடம்புதான் கெடும். தையல் வேலை வருகிறதா? கையை வேலையில் வைத்துக்கொள். மெஷினுக்கு எண்ணெய் போட்டாயா? அதை அத்தான்தான் செய்வார், அதனால் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. மறுபடி எழுதுகிறேன்.

உன் தங்கை

மே 11

அன்புத் தங்கைக்கு,

மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். சாப்பிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டாய், நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. அதுவே எனக்குப் பதில்.

இங்கே ஒரு வேடிக்கை. ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியதும் சாவிக்கொத்துக்குத் தன் முழங்கால் வலி ஞாபகம் வந்துவிட்டது. "மக்கள் நலன் கருதி" என்று அறிவிப்பு ஒட்டி, பெட்டியைத் திறந்து, முதல் ஆளாக அவனே லிஃப்டில் ஏறி மேலே போனான். நான் கதவருகே மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவு வழியாக எனக்கு ஒரு கும்பிடு வேறு.

மறுநாள் லிஃப்ட் நின்றுவிட்டது. பட்டனை அமுக்குகிறார்கள், அசையவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் இந்த நிலைமையில் ஆள் அனுப்ப முடியாது, பழைய மாடல், உதிரிப் பாகமும் இல்லை என்கிறார்களாம். "லிஃப்ட் வேலை செய்யவில்லை" என்று சாவிக்கொத்தே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது தினமும் அவன் ஐந்து மாடி ஏறுகிறான். எங்கள் தளத்துக்கு வரும்போது ரயில் எஞ்சின் மாதிரி ஒரு சத்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு துணிக்கு ஓரம் அடிப்பேன். நேற்று வெகு நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன். நீ கவலைப்படாதே.

உன் அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தூங்கினாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கால்வலி மட்டும்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன தடவை வந்தபோது அத்தான் எனக்கு லிஃப்டைக் காட்டிப் பெருமை பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? வெளிக்கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் நகரும், உங்கள் மூன்றாம் மாடிக் கதவில் அதற்கான பாகம் தேய்ந்துபோய்விட்டது, கடையில் கிடைக்கவில்லை என்று ஒரு பழைய பூட்டிலிருந்து பித்தளையை அறுத்து அவரே செய்து வைத்திருக்கிறார் என்று சொன்னார். "கம்பெனிக்காரனே வந்தாலும் இதைக் கண்டுபிடிக்க மாட்டான்" என்று சிரித்தார்.

அக்கா, லிஃப்ட் ஏன் நின்றது?

உன் தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

கால்வலிக்கு வெந்நீர் ஊற்று. பதில் எழுதத் தாமதம், வேலை கழுத்தை நெரிக்கிறது. என்ன வேலை என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும்.

லிஃப்ட் இல்லாததால் இந்த ஜனங்களுக்குத் திடீரென்று மனுஷத்தனம் வந்துவிட்டது. நாலாம் மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண், அவள் புருஷன் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவள் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினாள். அதைப் பார்த்து எல்லாரும் கூடை இறக்க ஆரம்பித்தார்கள். கூடைக்குத் துணிப்பை வேண்டுமென்று என்னிடம் வந்து நின்றார்கள். தைத்துக் கொடுத்தேன், பின்னே, கர்ப்பிணியைப் பட்டினி போடுவதா? உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற மாஸ்டருக்கு இப்போது வேலை இல்லை, அவர் எல்லாருடைய காஸ் சிலிண்டரையும் தோளில் சுமக்கிறார். முதல் மாடி டாக்ஸி டிரைவர் எல்லாருக்கும் மருந்து வாங்கி வருகிறார். பக்கத்து வங்கிக்காரர்கூட மாடி மாடியாகப் பால் பாக்கெட் கைமாற்றுகிறார். அன்றைக்குக் கதவிடுக்கில் பார்த்த அதே கண்கள் இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். பேர் யாருக்கு என்று நினைக்கிறாய்? சாவிக்கொத்துக்கு. ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து போனில் பேட்டி எடுத்தார்கள். "எங்க கட்டடமே ஒரு குடும்பம்" என்று சொல்லியிருக்கிறான். படத்தில் என் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். என் கையாலேயே அவனுக்கு நல்ல பேர் தைத்துக் கொடுத்திருக்கிறேன், பார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 29

அக்கா,

நலம். நீயும் நலம்தான் என்று நினைக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அதுவே எனக்குப் பதில்.

அந்தப் பெண் நாலாம் மாடியில் இருக்கிறாள். அதை எடுத்த இடத்திலேயே மாட்டு.

உன் தங்கை

ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று கேட்காமல், நலம் என்று நினைக்கிறேன் என்று எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாயா? சரி. ஆமாம், நான்தான்.

அவன் முதல் நாள் எனக்குக் கும்பிடு போட்டு மேலே போனானே, அப்போதே தீர்மானித்துவிட்டேன். என் புருஷன் செய்த துண்டின் மேல் சவாரி போகிறான், என் புருஷன் நடந்து செத்தார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் வெளியே போனேன். ஒரே ஒரு திருகாணி, நகத்தாலேயே கழன்று வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பொத்தான் டப்பாவில், கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவில் கிடக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். அவளுக்கு ஒன்று என்றால் மாட்டுவேன். அவனுக்காக மாட்ட மாட்டேன். அவன் ஏறட்டும். ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கட்டும். ஒருநாளாவது என் வாசலில் நின்று, "அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன்மா" என்று சொல்லட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

நீ என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா

ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டேன், நீ வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறாய், எழுத மனசில்லை. அதுவாவது தெரிந்தது.

சாவிக்கொத்து விழுந்துவிட்டான். ரெண்டு நாள் இருமல், அப்புறம் மூச்சு. முந்தாநாள் சாயங்காலம் அவன் பெண்டாட்டி படியில் நின்று கத்தினாள், "யாராவது வாங்களேன், இவரால முடியல." அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதத்தில் அது என் குரல்.

உண்மையைச் சொல்கிறேன், கேள். நான் பொத்தான் டப்பாவைத் திறந்தேன். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்ட் கதவு வரைக்கும் போனேன். மாட்டத்தான் போனேனா, இல்லை கையில் வைத்துக்கொண்டு அவன் நடப்பதை வேடிக்கை பார்க்கப் போனேனா என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. அதற்குள் மேலே ஒரே காலடிச் சத்தம். மாஸ்டர், டிரைவர், வங்கிக்காரர், கூட இன்னொருத்தர். நாலு பேரும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "பார்த்து, பார்த்து, திருப்பம் வருது" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கக்கூட இல்லை.

என் புருஷனுக்குக் கிடைக்காத நாற்காலி அவனுக்குக் கிடைத்தது. தூக்கிப் பழகிவிட்டார்கள். பழக்கிவிட்டது யார்? லிஃப்டை நிறுத்தின நான். இந்தக் கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? எனக்கு இப்போது அவன் ஒருத்தன் மேல் மட்டும் கோபமில்லை. இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் உதைக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா

ஆகஸ்ட் 26

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கால்வலி தேவலையா?

சாவிக்கொத்து பிழைத்துவிட்டான். நேற்று வந்து இறங்கினான். பாதியாக இளைத்திருக்கிறான், இடுப்பில் சாவி தொங்கக்கூட இடமில்லை. மேலே தூக்கிப்போக அதே நாற்காலி வந்தது. மூன்று பேர் இருந்தார்கள், நாலாவது ஆள் வேலைக்குப் போய்விட்டார். அவன் பெண்டாட்டி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நான் இறங்கிப் போனேன். எல்லாருக்கும் ஆச்சரியம். வங்கிக்காரர் கண் கலங்கி, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தேன்.

இரண்டாம் மாடித் திருப்பம் வந்தது. "இறக்குங்க" என்றேன். கை வலிக்கிறது என்று நினைத்து இறக்கினார்கள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. அவங்கவங்க கதவு வரைக்கும் தள்ளி."

ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தராகப் பின்னால் நகர்ந்தார்கள். அவன் அந்தத் திருப்பத்தில், உன் அத்தான் உட்கார்ந்த அதே இடத்தில், நாற்காலியில் தனியாக உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, மேல கொண்டு போகச் சொல்லுங்க" என்றான். குரலே வரவில்லை.

நான் சொன்னேன், "கமிட்டி முடிவு. மெதுவா வாங்க. இன்னும் மூணு மாடிதானே."

அவன் தலை குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி அழுதாள். யாரும் அசையவில்லை. அவன் உதடு வெளுக்க ஆரம்பித்ததும் நான்தான் முதலில் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தேன். ஐந்தாம் மாடி வரைக்கும் தூக்கிப்போய் விட்டோம். அப்போதும் அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

இத்தனை மாதமாகக் காத்திருந்தது நடந்துவிட்டது. என் வயிறு குளிரவில்லை. துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. நாலாம் மாடிப் பெண்ணுக்கு நாள் நெருங்குகிறது. நீ திருப்பி அனுப்பினால் மாட்டுகிறேன்.

கூடவே, நான் முதலில் கேட்டதற்கும் பதில் அனுப்பு.

உன் அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

கால்வலி தேவலை. நீ அழுதாயா, இல்லையா? அழுதிருந்தால் நல்லது.

நான் எழுதாமல் இருந்தது கோபத்தினால் என்று நினைத்திருப்பாய். பயத்தினால். உட்கார்ந்து எழுதினால் நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிடுவேன், எழுதினால் நீ அந்த ஆளைக் கொன்றுவிடுவாய் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது, உதடு வெளுத்தால் ஓடிப்போய் நாற்காலியைப் பிடிக்கிறவள் நீ. உன்னிடம் சொல்லலாம்.

அத்தான் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூச்சு இழுக்கிறவரை நடக்க வைக்கவே கூடாது. எங்கள் வார்டில் அப்படிப்பட்டவர்களைக் கழிப்பறைக்குக்கூட நடக்க விடமாட்டோம். லிஃப்ட் ஓடியிருந்தால் அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதை அவன் பூட்டி வைத்துக்கொண்டான். இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

துண்டைத் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பெண்ணுக்காக மாட்டு. ஆனால் திருட்டுத்தனமாக மாட்டாதே. அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் கண்ணெதிரே மாட்டு. அது எங்கே இருந்தது, யார் செய்தது, ஏன் எடுத்தாய், எல்லாம் சொல். நான் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள் என்று சொல்.

நானும் அவரை அத்தான் என்று கூப்பிட்டவள்தான்.

உன் தங்கை

செப்டம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

நலம். இந்த முறை பொய்யில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். அவனை மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னேன். வந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது, இந்த முறை முழுசாக. துண்டைக் காட்டினேன், சொன்னேன், மாட்டினேன். உன் கடிதத்தைப் படித்தேன். "வாய்ப்பு இருந்திருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தி, அதை மறுபடியும் படித்தேன்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை பேரைக் கஷ்டப்படுத்தியிருக்கீங்க. நான் போலீஸ்ல சொல்ல முடியும், தெரியுமா?" என்றான்.

"தாராளமா சொல்லுங்க. லிஃப்டை முதல்ல யார் பூட்டினதுங்கிறதுல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

அவன் சுற்றிப் பார்த்தான். மாஸ்டர் தரையைப் பார்த்தார், டிரைவர் சுவரைப் பார்த்தார். வங்கிக்காரர் மட்டும் முன்னால் வந்து, லிஃப்ட் கதவில் தொங்கிய அந்த அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நாலாம் மாடிப் பெண் அடுத்த வாரமே லிஃப்டில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், லிஃப்டிலேயே பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். குழந்தைக்கு என் கையால் சட்டை தைக்கிறேன். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. எல்லாரும் ஏறுகிறார்கள், அவனைத் தவிர.

ஏறவே மாட்டேன் என்கிறானாம். "அந்தம்மா எப்ப வேணா கழட்டிடும், நடுவுல மாட்டிக்கிட்டா யார் வருவா?" என்று பெண்டாட்டியிடம் சொன்னானாம், அவளே என்னிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. நகத்தாலேயே கழன்று வரும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அதனால் தினமும் படிதான். இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் அவனால் முடியாது, உட்கார்ந்துவிடுவான். அந்த மூச்சுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். நான் மெஷினை நிறுத்திவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன். ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டால் என்ன என்று சில நாள் தோன்றும். இன்னும் போடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். விடுப்பு கிடைத்தால் வா, லிஃப்டில் கூட்டிப் போகிறேன்.

உன் அக்கா